கீழே உட்கார இரண்டு நொடி

என் தங்கைக்கு விமானத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து நான் அவளை ‘மேல் கண்டக்டர்’ என்றுதான் கூப்பிட்டுவந்தேன். நான் கீழ் கண்டக்டர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் அரசு பஸ்ஸில் பதினெட்டு வருஷமாக விசில் ஊதுகிறவன். அவள் யூனிஃபார்ம் போட்டு, கொண்டையை இறுக்கிக் கட்டி, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கருங்குழியில் எங்கள் தெருவைத் தாண்டும்போது, “இன்னாமா மேல் கண்டக்டர், இன்னிக்கு எந்த ரூட்டு?” என்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “சில்லறை கேட்டு சண்ட போடுற ஆளுங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்லண்ணா” என்பாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேலிக்குள் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. வெயில் இல்லை, புழுதி இல்லை, படியில் தொங்குகிறவன் இல்லை, குடித்துவிட்டு ஏறி என் சட்டையைப் பிடிக்கிறவன் இல்லை. சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுப்பதற்கு இவ்வளவு பவுடரா என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வாய் தவறி அதைச் சொல்லியும்விட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“டீ குடுக்கறதுதான் என் வேலைன்னு நெனச்சிகினு கீறியா? எதுனா ஆச்சுன்னா ஒண்ணரை நிமிஷத்துல அத்தினி பேரையும் வெளிய தள்ளணும். பொகைக்குள்ள கதவத் தொறக்கணும். நெஞ்சு வலின்னா நான்தான் டாக்டரு, அடிதடின்னா நான்தான் போலீசு. டீ, சும்மா கீற நேரத்துக்குண்ணா.”

அன்றைக்குச் சிரித்துத் தள்ளிவிட்டேன். அவள் சொன்னதெல்லாம் எனக்குப் புரிவதற்கு அவள் கணுக்கால் உடைய வேண்டியிருந்தது.

அது ஐப்பசி மாதம். மத்தியான டிரிப்பில் பஸ் திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அவளோடு வேலை பார்க்கும் பெண். “அண்ணா, பதறாதீங்க” என்று ஆரம்பித்தாள். பதறாதீங்க என்று ஆரம்பிக்கும் போனில் பதறாமல் இருந்தவன் உலகத்தில் இல்லை. விமானம் குலுங்கியதில் தங்கை விழுந்துவிட்டாள், உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓட ஒரு கண்டக்டரால் முடியாது. மாமல்லபுரம் வரைக்கும் டிக்கெட் கொடுத்துக்கொண்டேதான் போனேன். அங்கே மாற்று ஆளிடம் பையைக் கொடுத்துவிட்டுச் சென்னை பஸ்ஸில் ஏறினேன். அந்த டிரிப்பில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்தான் நடந்ததைச் சொன்னாள். வடக்கேயிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானம். ஒரு சீட்டுகூடக் காலி இல்லை. தங்கை நடுப்பகுதியில் குப்பைப் பையோடு காலி கப்புகளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எதிரே மழை மேகம், ஊழியர்கள் உடனே உட்காருங்கள் என்று பைலட் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார். பயணிகள் எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள். இவள் மட்டும் நடைபாதையில் நின்றிருந்தாள். இரண்டு மூன்று நொடியில் விமானம் தொபுக்கென்று கீழே இறங்கியது. இவள் மேலே போனாள். தலை கூரைத் தட்டில் மோதி, திரும்ப வந்து விழுந்தபோது இடது கால் ஒரு சீட்டின் கைப்பிடிமேல் மடங்கியது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அந்தப் பெண் அழுதுவிட்டாள். பக்கத்து சீட்டிலிருந்த பெரியவர் இவளைத் தூக்குவதற்காகப் பெல்ட்டைக் கழற்றப் போயிருக்கிறார். நெற்றியில் ரத்தம் வழியத் தரையில் கிடந்தவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “சார், பெல்ட்டக் கழட்டாதீங்க. நான் நல்லாதான் இருக்கேன்” என்றாளாம். பிறகு படுத்தபடியே, கண்ணுக்கு எட்டிய வரிசைகளில் யாருடைய பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சக்கரம் தரையைத் தொடுகிறவரைக்கும் கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். பெருமையில்தான் அழுதேன், அதை மறைப்பானேன். என் பஸ்ஸில் ஒருமுறை பிரேக் அடித்ததில் என் முட்டி கம்பியில் இடித்தபோது நான் டிரைவரைத் திட்டிய திட்டு பூஞ்சேரி வரைக்கும் கேட்டது.

திரும்பி உள்ளே வந்தபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். “சீட்டு காலியா இல்லன்னா, நின்ன எடத்துலயே தரையில உக்காரணும்ணா. அதத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. சீட்டுக் கால கெட்டியாப் புடிச்சிக்கணும். அவளுக்கு டைம் இருந்துச்சு. ஏன் நின்னான்னுதான் தெரியல.” அந்தக் கேள்வி என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

கருங்குழி வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. போனது தலைப்பாகை இல்லை, கால். அதுவும் நிற்பதையே வேலையாகக் கொண்ட ஒருத்தியின் கால். விமானம் குலுங்கினால் பெரும்பாலும் அடிபடுகிறவர்கள் இவளைப்போன்ற ஊழியர்கள்தான். பத்து கிலோமீட்டர் உயரத்தில், சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், எல்லோரையும் கட்டி உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் நிற்கிற வேலை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த உயரத்துக் காற்றுக்கு ஐம்பது கிலோ பெண் எம்மாத்திரம்.

தகடு வைத்து, திருகு போட்டுக் காலைச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். பறப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கம்பெனி டாக்டர். அவர் சரி என்ற பிறகும், அவசரக் கதவைத் திறந்து காட்ட வேண்டும், விமானத்திலிருந்து கீழே இறங்கும் காற்றடைத்த சறுக்கில் குதித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் விமான நிலையக் கவுண்டரில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

“அது ஒண்ணும் கொறஞ்ச வேலை இல்லமா” என்றேன்.

“உன்னக் கொண்டு போயி டிப்போல பாஸ் எழுத உக்கார வெச்சா நீ ஒத்துக்குவியா?” என்றாள்.

மாசியில் ஊன்றுகோலை விட்டாள். பங்குனியில், சித்திரை வெயில் தொடங்குவதற்கு முன்னால், என் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். மத்தியான டிரிப்பில் கூட்டம் இருக்காது. செங்கல்பட்டில் ஏறி, டிக்கெட் எடுத்துக்கொண்டு, உட்காராமல் நடுவில் நிற்பாள். ஓடுகிற வண்டியில் காலுக்குப் பழக்கம் வரட்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. முன்பு இதே பஸ்ஸில் கை விட்டு நின்றுகொண்டு என்னோடு வாயாடியவள். கால் தேறிக்கொண்டு வருகிறது, வேறு எதுவோ தேறவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். “நெஜமா சொல்லு. அன்னிக்கு ஏன் கீழ உக்காரல?”

அவள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பதிலையே என்னிடமும் சொல்லிப் பார்த்தாள். நேரமில்லை என்றாள். நான் டீயைக் குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாகப் பொய் சொல்லி டிக்கெட் எடுக்காமல் வருகிறவர்களைப் பார்த்தவன் நான்.

“டைம் இருந்துச்சுண்ணா” என்றாள். “உக்காருன்னு கேட்டுச்சு. கீழ பாத்தேன். ரெண்டு பக்கமும் சீட்டுல காலு, ஷூவு. அத்தினி பேரு மேல உக்காந்துகினு கீறாங்க, நா மட்டும் அவங்க கால்கிட்ட தரையில குந்தணும். அம்மா கண்ணு முன்னால வந்துட்டாங்க. ஒடம்பு மடங்கவே இல்லண்ணா. ரெண்டு நொடி. அவ்ளோதான்.”

இதைப் புரிந்துகொள்ள எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் செய்யூர் பக்கம். கல்யாணமாகி இங்கே வருகிறவரைக்கும், வந்த பிறகும், நடவுக்கும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற கடலை பிடுங்கவும் அடுத்தவர் நிலத்துக்குப் போனவர். நிலம் வைத்திருந்தவர் நாற்காலியில் இருப்பார். எங்கள் ஆட்கள் வாசலில் மண்ணில் குந்தியிருப்பார்கள். அதைப் பற்றி அம்மா எங்களிடம் கதையாக எதையும் சொன்னதில்லை. சட்டம் ஒன்று மட்டும் போட்டார். “எல்லாரும் குந்துற எடத்துல நீயும் குந்து. ஒருத்தன் நாற்காலியிலயும் ஒருத்தன் தரையிலயும் கீற எடத்துல மட்டும் தரையில குந்தாத. நாற்காலி இல்லியா, நில்லு.” கல்யாண மண்டபத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் நாங்கள் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறும். என் தங்கை பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பெஞ்சில் இடமில்லை, தரையில் உட்கார் என்று சொன்ன வாத்தியாருக்கு எதிரே சாயந்தரம்வரை நின்றிருக்கிறாள். அன்றைக்கு அம்மா அவளுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்.

அந்தச் சட்டம் எங்களைக் காப்பாற்றியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கூலிக்காரர் வீட்டிலிருந்து ஒருத்தி தலை நிமிர்ந்து விமானம் ஏறினாள் என்றால் அதில் அம்மாவின் சட்டத்துக்குப் பாதிப் பங்கு உண்டு. அந்தச் சட்டமே அவள் காலை முறித்தது என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து என்னையும் யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் கண்டக்டர் சீட் என்று எனக்கு ஒன்று இருக்கிறது. இடமில்லாமல் குழந்தையோடு ஏறுகிற யாரையாவது அதில் உட்கார வைத்துவிட்டு நான் நின்றே வருவேன். கால் கடுத்தால் எல்லா கண்டக்டரும் இன்ஜின் பக்கத்தில் பெட்டிமேல் தாழ உட்காருவார்கள். நான் உட்கார்ந்ததே கிடையாது. அதைக் கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எலும்பு சேந்துடும்ணா. அந்த ரெண்டு நொடி திரும்ப வந்தா, மறுபடியும் நின்னுட்டேன்னா?” என்றாள். “என்ன நம்பி நூத்தியெம்பது பேரு கீறாங்க. நா விழுந்து ஒருத்தர் மேல போய் மோதினா?”

எனக்குப் பிறவியிலேயே நாக்கு கொஞ்சம் நீளம். அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், “எல்லாம் உன்னாலதான்” என்று ஆரம்பித்து முழுவதையும் கொட்டிவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. அம்மா இரவு சாப்பிடவில்லை. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் காலையில் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது அம்மா தங்கையைக் கூப்பிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். தான் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவ ஆரம்பித்தார். அவள் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“அசையாத. நீ நாற்காலியில கீற, நா தரையில கீறேன். எனக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சு?” என்றார் அம்மா. “டேய், நீயும் கேளுடா. நாங்க டிராக்டர் பொட்டியில வேலைக்குப் போவோம். டிரைவரு மேல குந்திகினு ஓட்டுவான். வரப்பு மேல ஏறி எறங்கறப்போ நாங்க நின்னுகினா போனோம்? தட்டுனு கீழ குந்திடுவோம். அது அவனுக்குக் குடுக்குற மருவாதியா? எங்க இடுப்பெலும்புக்குக் குடுக்குற மருவாதி. ஒருத்தன் குந்த வெச்சா குந்தாதன்னு சொன்னேன். ஒன் வேலைக்கு நீயா குந்துறத யாருடி வேணாம்னா? இவ்ளோ படிச்சிகினு கீற, இது தெரில?”

தங்கை அம்மாவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் நாஸ்தா சாப்பிடாமலே டூட்டிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸில் ஒரு கூத்து நடந்தது. நான் எப்போது வேண்டுமானாலும், எந்த ஸ்டாப்பும் இல்லாத இடத்தில், வாயால் ஒரு சின்ன விசில் அடிப்பேன். கேட்டவுடனே தங்கை நின்ற இடத்தில் தரையில் உட்கார்ந்து சீட்டின் காலைப் பிடிக்க வேண்டும். டிரைவருக்கு விஷயம் தெரிந்ததும், “மச்சான், நானும் ஒரு பிரேக் போடவா?” என்று ஆர்வமாகக் கேட்டார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

காலி பஸ்ஸில் சுலபமாக உட்கார்ந்தாள். சீட்டில் ஆள் இருக்கும்போது முதல் இரண்டு நாள் முடியவில்லை. முட்டி பாதி மடங்கி நின்றுவிடும். முகம் சிவந்துவிடும். மூன்றாம் நாள் பின்பக்கப் படிக்கு அருகே ஒரு மீன்காரம்மா அலுமினியக் கூடையோடு தரையில் உட்கார்ந்து வந்தார். மாமல்லபுரத்தில் மீன் எடுத்துக்கொண்டு போகிறவர், தினமும் அங்கேதான் உட்காருவார். நான் விசில் அடித்தேன். தங்கை பாதி மடங்கி நின்றாள். மீன்காரம்மா கூடையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, “வா தாயி, எடம் கீது. மேல குந்தினவங்க மட்டும் நமக்கு முந்தியா போய் சேந்துடப் போறாங்க?” என்றார். பஸ்ஸே சிரித்தது. தங்கையும் சிரித்துக்கொண்டே பொத்தென்று உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டும் ஏழெட்டு தடவை உட்கார்ந்தாள். அவள் சேலையெல்லாம் மீன் வாடை.

ஆனியில் கம்பெனி டாக்டர் சரி என்றார். கதவைத் திறந்தாள், சறுக்கில் குதித்தாள். கணுக்கால் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்து, “பாஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினாள். திரும்பவும் கொண்டையும் சக்கரப் பெட்டியுமாகத் தெருவைத் தாண்ட ஆரம்பித்தாள். மேல் கண்டக்டர் என்று நான் கூப்பிடவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தோன்றியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே, “இன்னாணா, ரூட்டு கேக்க மாட்டியா?” என்றாள்.

ஆனாலும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. பஸ்ஸில் விசிலுக்கு உட்கார்வது வேறு. உண்மையில் அந்த நேரம் வந்தால் உட்காருவாளா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் விமானத்தில் இருக்கிற நேரமெல்லாம் நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தேன்.

விமானத்தில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. புரட்டாசியில் ஒருநாள் அம்மாவையும் என்னையும், அவள் வேலை பார்க்கும் விமானத்திலேயே கூட்டிக்கொண்டு போனாள். வடக்கே போய் மறுநாள் திரும்புகிற பயணம். அம்மாவுக்கு அறுபத்து நாலு வயது. ஜன்னல் பக்கம் வேண்டாம், கீழே பார்த்தால் தலை சுற்றும் என்று நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் நடுவில். ஜன்னல் பக்கம் யாரோ ஒரு கல்லூரிப் பையன். தங்கை எங்களைத் தெரிந்தவர்கள் மாதிரியே காட்டிக்கொள்ளாமல், “சார், பெல்ட் போட்டுக்கோங்க” என்றாள். குனிந்து அதைச் சரிபார்க்கும் சாக்கில், “சில்லறை கரெக்டா வெச்சிகினு கீறீங்களா சார்?” என்று காதருகே கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் வேலை செய்வதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கொடுக்கும் கை தண்ணீர் கொடுக்கிறது, கண் தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டின் கதவுகளை எண்ணுகிறது. சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே ஒருவரின் நீட்டிய காலை உள்ளே இழுக்க வைக்கிறாள். கூட்ட நெரிசலில் எத்தனையோ கெட்டிக்காரக் கண்டக்டர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் அளவுக்கு ஒருத்தரைப் பார்த்ததில்லை.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது, சென்னைக்கு இன்னும் அரைமணி இருக்கையில், ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவுமே தெரியாமல் போயிற்று. தங்கை குப்பைப் பையோடு எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தாள். மணி அடித்தது. பைலட்டின் குரல் ஆங்கிலத்தில் அவசரமாக ஏதோ சொன்னது. எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான், உட்காருங்கள். ஒரு சீட்டும் காலி இல்லை. என் வாய் தானாக விசிலுக்குக் குவிந்தது. காற்று வரவில்லை.

அவள் நிமிர்ந்து ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு அம்மாவின் காலருகே, நடைபாதைத் தரையில், முழுதாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா சீட்டின் இரும்புக் காலைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். அதே கணம் விமானம் விழுந்தது. யாரோ கத்தினார்கள். ஒரு கப் பறந்து போய்க் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

அம்மா கண்ணை இறுக மூடியிருந்தார். பெல்ட்டைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்து, தங்கையின் தோளில் வைத்து, நாற்று நடும்போது சேற்றில் அழுத்துவதைப்போல ஒரே அழுத்தாக அழுத்தினார்.

“நல்லா குந்துமா” என்றார். “நல்லா குந்து.”

குலுக்கல் நின்று, மணி அடித்து, தங்கை எழுந்திருக்கப் பார்த்தபோதும் அம்மா கையை எடுக்கவில்லை.